கயிற்றின் எதிர் முனையில் மைமூன்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பத்து வயதுப் பெண்ணைப் பயமுறுத்தினேன். வேண்டுமென்று செய்யவில்லை. என் பயம் வெளியே தெரியாமல் இருக்கச் செய்தேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். செங்கல்பட்டில் சிறுவர் சிறுமியர் காப்பகம் ஒன்றில் எனக்கு வேலை. பதவியின் பெயர் பின்பராமரிப்பு அலுவலர். என் மாமனார் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "இன்னா மாப்ள, மாட்டாஸ்பத்திரியா?" என்றார். அப்போது எனக்கு வயது முப்பது. தொப்பைக்கு மட்டும் நாற்பது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். காவலிலிருந்து வெளியே விடப்பட்ட பிள்ளைகள், போய்ச் சேர்ந்த இடத்தில் நன்றாக இருக்கிறார்களா என்று பார்த்து வர வேண்டும். அந்த வருஷங்களில் ரங்கூனிலிருந்து கப்பலில் தனியாக வந்து சேர்ந்த பிள்ளைகள் சிலரும் எங்களிடம் இருந்தார்கள். பெற்றோர் இல்லை, கையில் காகிதம் இல்லை. துறைமுகத்தில் பிடித்து வைப்பார்கள், கோர்ட்டுக்குக் கூட்டிப்போவார்கள், பிறகு எங்களிடம் அனுப்பிவிடுவார்கள். ஒரு தப்பும் செய்யாத பிள்ளைகள்தான். ஆனால் கேட்டுக்குப் போடுகிற பூட்டு எல்லோருக்கும் ஒன்றுதான்.

உறவினர் யாராவது கிடைத்தால் பிள்ளையை 'லைசென்ஸில்' விடுவோம். சைக்கிளுக்கு லைசென்ஸ், ரேடியோவுக்கு லைசென்ஸ் என்று இருந்த காலம். பிள்ளைக்கும் ஒன்று. ஆறு மாதம் செல்லும். மாதம் ஒரு முறை நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பிள்ளையைப் பார்த்து, விசிட் புக்கில் அதன் கையெழுத்தை வாங்கி வர வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் கடைசியில் கோர்ட்டில் ஃபைலை மூடிவிடுவார்கள். பிள்ளைக்கு முழு விடுதலை.

அன்று லைசென்ஸில் போனவள் மைமூன். ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழருக்கும் ஒரு பர்மாக்காரப் பெண்ணுக்கும் பிறந்தவள். இருவரும் காய்ச்சலில் போய்விட்டார்கள். கப்பலில் துணைக்கு வந்த அம்மாள் துறைமுகக் கூட்டத்தில் எங்கோ பிரிந்துவிட்டாள். ஏழு வாரம் எங்கள் பூட்டுக்குள் இருந்த பிறகு, அவள் அப்பாவின் அக்கா ஆமினா அம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். மகாபலிபுரத்துக்கும், சட்ராஸ் என்று சொல்லும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே ஒரு குப்பத்தில், கரையோரமாக நாஸ்தா கடை வைத்திருந்தவர். ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் வந்து மீதிக் கதையையும் சொல்லிவிடுவார்கள்.

கேட்டருகே ஆமினா அம்மாள், அவர் கணவர் காசிம் பாய், நடுவில் மைமூன். லைசென்ஸின் ஒன்பது ஷரத்துகளை வாசித்துக் காட்டும் பொறுப்பு எனக்கு. முதல் நாள் என்பதால் தொண்டை உலர்ந்திருந்தது. கம்பீரமாக வாசிக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஏழாவது ஷரத்து வந்ததும் குரல் திடீரென்று நன்றாக எழும்பியது: "ஷரத்துகள் மீறப்பட்டால் குழந்தை மீண்டும் காவலில் எடுக்கப்படும்." எனக்கே பிடித்துப்போனது. இன்னொரு முறை வாசித்தேன்.

அந்த உற்சாகத்தில் குரல் கம்மி, எட்டும் ஒன்பதும் வாய்க்குள்ளேயே போய்விட்டன. ஒன்பதாவது இது: 'அலுவலர் தொடர்ந்து மூன்று முறை குழந்தையை நேரில் காணாவிட்டால் லைசென்ஸ் ரத்து.' யார் காதிலும் விழவில்லை. மைமூன் ஆமினா அம்மாளின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு போனாள்.

2. இடியாப்பம்

முதல் விசிட்டுக்குக் காக்கிப் பேன்ட் போட்டுக்கொண்டு, வெயிலுக்கு ஒரு தக்கைத் தொப்பியும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், அங்கிருந்து சட்ராஸ் பஸ். அப்புறம் இரண்டு மைல் மணலில் நடை. கக்கத்தில் விசிட் புக்.

மதுவிலக்கு வந்திருந்த காலம் அது. காக்கி தெரிந்தால் எதை, எங்கே, எத்தனை நிமிஷத்தில் மறைப்பது என்பதில் அந்தக் கரையில் சிலருக்கு நல்ல பயிற்சி இருந்தது. இது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

ஆமினா அம்மாள் வாசலிலேயே வரவேற்றார். "வாங்க சார். வெயில்ல வந்துகினு கீறீங்களே. மொதல்ல குந்துங்க, ஒரு வாய் துன்னுங்க."

"மைமூன் எங்கம்மா?"

"இப்பதான் போச்சு சார். சொந்தக்காரங்க வூட்டுக் கல்யாணம். இடியாப்பம் சூடா கீது."

இடியாப்பம், கூடவே ஆட்டுக்கால் பாயா. நான் கடமை தவறாதவன், ஆனால் பாயாவுக்கு முன்னால் கடமை கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். ஐந்து இடியாப்பம் சாப்பிட்டுவிட்டு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

இரண்டாவது விசிட்டில் இன்னும் பலமான வரவேற்பு. கடையில் இடமில்லை என்று, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் என்னை உட்காரவைத்துத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். மைமூன் எங்கே என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். "டாக்டராண்ட போயிருக்கு" என்றார் காசிம் பாய். "அதே கல்யாணம்தான் சார்" என்றார் ஆமினா அம்மாள். வலைக்காரர்களின் தலைவர் முனுசாமி சொன்னதுதான் உச்சம்: "திருக்கழுக்குன்றத்துல கழுகு பாக்கப் போயிருக்கு சார்."

"தனியாவா?"

"கழுகு கூட ரெண்டு கீதே சார். இன்னா தனி?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான், இவர்கள் பிள்ளையை மறைக்கிறார்கள் என்று புரிந்தது. இந்த அளவுக்காவது எனக்குச் சீக்கிரம் புரிந்ததே என்று இன்றும் பெருமைப்படுகிறேன்.

"அம்மா, நான் புள்ளையப் பாக்கத்தான் வந்தேன். கூட்டிகினு போவ இல்ல" என்றேன்.

"போன மாசம் முனுசாமி வூட்டாண்ட வந்த காக்கிக்காரரும் சும்மா பாக்க வந்தேன்னுதான் சொன்னாரு" என்றார் ஆமினா அம்மாள், குழம்பை ஊற்றிக்கொண்டே. "இன்னும் ரெண்டு வெச்சிக்குங்க சார்."

3. கெடு

எங்கள் சீஃப் பெயர் தணிகாசலம். நல்ல மனிதர். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். விசிட் புக்கில் இரண்டு மாதப் பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.

"இன்னாய்யா சபாபதி, ரெண்டு மாசமா புள்ளையப் பாக்கலையா?"

"போனேன் சார். கழுகு பாக்கப் போயிருந்தா."

"யாரு, அந்த ரங்கூன் பொண்ணா?" கண்ணாடியை இன்னும் அழுத்தித் துடைத்தார். "மூணாவது தபாவும் பாக்கலைன்னா ஒம்போதாவது ஷரத்துய்யா. லைசென்ஸ் ரத்து. அப்புறம் நீ போவத் தேவையில்ல, போலீஸ் போவும். ஜீப்புல ஏத்திகினு வந்து மறுபடியும் உள்ள வெக்கணும். என் கையில ஒண்ணும் இல்ல."

நான் வெளியே வந்ததும் பக்கத்து மேஜை நண்பர் காதில் சொன்னார்: "நீயே கையெழுத்துப் போட்டுடு. பத்து வயசுப் பொண்ணு கையெழுத்து மாதிரிதான் உன் கையெழுத்தும் கீது." உண்மைதான். இருந்தாலும் மனசு வரவில்லை. அவள் நன்றாக இருக்கிறாளா என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது. மறைக்கிறவர்கள் எல்லோரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது விசிட்டுக்கு முன்னாலேயே ஆமினா அம்மாளுக்குக் கடிதம் எழுதி ஒன்பதாவது ஷரத்தை விளக்கினேன். அந்தக் கடிதத்தைப் படிக்க ஆள் தேடியிருக்கிறார்கள். படித்துச் சொன்னவருக்கு 'லைசென்ஸ் ரத்து, போலீஸ்' என்ற இரண்டு மட்டும் விளங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு சட்ராஸ் பாதையில் காவலுக்கு ஆளே போட்டுவிட்டார்கள். என் தொப்பி தெரிந்தால் அங்கிருந்து சீட்டி அடிப்பார்களாம்.

4. கயிறு

மூன்றாவது விசிட் அன்று காக்கிப் பேன்ட் சலவைக்காரரிடம் மாட்டிக்கொண்டது. வேட்டியில் கிளம்பினேன். தொப்பியை முதல் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டேன். திருக்கழுக்குன்றத்தில் சட்ராஸ் பஸ் அச்சு உடைந்து கிடந்தது. கண்டக்டர் எங்களை மகாபலிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. அதனால்தான் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

மகாபலிபுரத்தில் இறங்கித் தெற்கே கரையோரமாகவே நடந்தேன். நான்கைந்து மைல். சட்டையைக் கழற்றி விசிட் புக்கைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு தொப்பைக்காரன் வடக்கிலிருந்து வருவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. காவல் எல்லாம் தெற்கே.

குப்பத்துக்கு முன்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு இடத்துக்குக் கொண்டுவருவார்கள். வடக்குக் கயிற்றில் ஒரு வரிசை ஆள், தெற்குக் கயிற்றில் ஒரு வரிசை. ஆரம்பத்தில் இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம் இருக்கும். இழுக்க இழுக்க வரிசைகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். மீன் இருக்கும் மடி கரை ஏறும்போது இரண்டும் எதிரெதிரே நிற்கும். அதுவரை யாரும் கையை விடக் கூடாது. வழியில் போகிறவன் பிடித்தாலும் அவனுக்கு மீனில் பங்கு உண்டு.

வடக்கு வரிசையின் கடைசியில் நின்றவன் என்னைப் பார்த்தான். "அண்ணாத்த, சும்மா பாத்துகினு கீறியே. பாரமா கீது, கை குடேன்."

வேடிக்கை பார்க்க வந்தவன்போல நின்றிருந்தேன். மறுக்கத் தெரியவில்லை. மூட்டையை மணலில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். ஐந்து நிமிஷத்தில் உள்ளங்கை சிவந்தது. பத்து நிமிஷத்தில், அரசாங்கம் என்னை எவ்வளவு சொகுசாக வைத்திருக்கிறது என்று புரிந்தது.

எதிர் வரிசையிலிருந்து யாரோ எண்ணிக்கை கொடுத்தார்கள். மெல்லிய குரல், காற்றில் நன்றாகக் கேட்டது. "தித்... நித்... தௌன்... லே... ங்கா." ங்கா என்றதும் இரண்டு வரிசையும் ஒன்றாக இழுக்கும். மறுபடி தித். நானும் மூச்சு வாங்கிக்கொண்டே கூடச் சொன்னேன். ஒரு மணி நேரம் போனால் எதுவும் மனப்பாடம் ஆகிவிடும்.

"இது இன்னா பாட்டுப்பா? ஏலேலோ எங்க போச்சு?" என்றேன் முன்னால் நின்றவனிடம்.

"ஏலேலோவா? அது பழசு. இது பர்மா கணக்கு. நம்ம மைமூன் பாப்பா சொல்லிக் குடுத்துச்சு. ரெண்டு கயிறும் ஒண்ணா வருது பாரு. அது எண்ணலைன்னா இப்பல்லாம் எவனுக்கும் கை ஓடமாட்டுது."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். அவன் முகம் மாறியது. இரண்டாவது விசிட்டில் எனக்குக் குழம்பு ஊற்றியவன் அவன்.

கையை விட்டு ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் கயிறு விடாது. கத்தலாம் என்றால் நான் பக்கத்தில். பாவம், கயிற்றைப் பிடித்தபடியே கண்ணாலும் புருவத்தாலும் எதிர் வரிசைக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தான். அவர்கள் இவனுக்கு வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வரிசைகள் நெருங்கின. எனக்கு நேர் எதிரே, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு மைமூன். எங்களிடம் இருந்ததைவிட ஒரு சுற்று சதை போட்டிருந்தாள். "தித், நித், தௌன், லே" என்று சொன்னவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

ங்கா வரவில்லை.

அவள் கண்ணில் காப்பகத்தின் கேட்டும் பூட்டும் தெரிந்தன. இரண்டு வரிசையும் அந்தரத்தில் நின்றன. கடல் அலையைத் திரும்ப இழுத்தது, கயிறு எங்கள் கைகளிலிருந்து ஒரு முழம் நழுவியது. "எண்ணு பாப்பா, வலை போவுது" என்றார் முனுசாமி. கடை வாசலில் ஆமினா அம்மாள் கரண்டியோடு எழுந்து நின்றார். மைமூனின் ஒரு கால் ஓடுவதற்குத் தயாராகத் திரும்பிவிட்டது. ஆனால் கை கயிற்றை விடவில்லை.

என்ன செய்வது என்று யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். கை எரிந்தது, கயிறு போய்க்கொண்டிருந்தது. நான் கத்தினேன்: "ங்கா."

எல்லோரும் இழுத்தார்கள். கயிறு நின்றது. என் உச்சரிப்பு எப்படி இருந்ததோ, மைமூன் என்னையே பார்த்தாள். அடுத்த "தித்" நானே சொல்லிவிட்டு, "லே" என்றேன். நடுவில் இரண்டு மறந்துவிட்டது. அவள் உதடு கோணியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி ஒவ்வொன்றையும் எனக்கு நிறுத்திச் சொன்னபடி. மடி கரை ஏறியபோது எனக்கும் அவளுக்கும் நடுவே ஐந்தடி தூரம், அதில் துள்ளித் துள்ளி மீன்.

5. படகுக்கு அடியில்

முதலில் வந்தவர் ஆமினா அம்மாள். கரண்டி இன்னும் கையில் இருந்தது.

"எங்க வூட்டுப் புள்ளைய இட்டுகினு போவதான வந்தே? அன்னிக்கு ரெண்டு தபா படிச்சியே நைனா. எனக்கு அதுலருந்து தூக்கமே இல்ல."

"அது என் மொத நாளும்மா. பயத்துல படிச்சேன்."

"பயமா? உனக்கா?"

"தொண்டை காஞ்சி போச்சு. அந்த ஒரு வரிதான் நல்லா வந்துச்சு. அதனால ரெண்டு தபா."

ஆமினா அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டை இல்லை, உடம்பெல்லாம் மணல், உள்ளங்கையில் கொப்புளம். பயப்படத்தக்க பொருளாக அப்போது நான் இல்லை. கரண்டி மெல்லத் தாழ்ந்தது.

அங்கேயே மணலில் உட்கார்ந்து ஒன்பதாவது ஷரத்தைப் பொறுமையாகச் சொன்னேன். பிள்ளையை நான் பார்த்தால் இங்கேயே இருப்பாள். பார்க்காவிட்டால்தான் போலீஸ் வரும். முனுசாமி மூன்று முறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். பிறகு தலையில் கை வைத்தார்.

"அப்ப நாங்க ஒளிச்சி வெச்சி ஒளிச்சி வெச்சி, நாங்களே புள்ளைய ஜீப்புல ஏத்த இருந்தோமா?"

"இன்னிக்குக் கடைசிக் கெடு."

"நீ ஏன்யா அந்த வரியை ரெண்டு தபா படிக்கல?" என்றார். நான் விசிட் புக்கைத் திறந்து மைமூனிடம் பேனாவை நீட்டினேன்.

மைமூன் விசிட் புக்கில் கையெழுத்துப் போட்டாள். தமிழில் ஒன்று, பர்மா எழுத்தில் ஒன்று. வட்டம் வட்டமாக அழகாக இருந்தது. "போன மாசம் எங்கம்மா இருந்தே, கழுகு பாத்தியா?" என்றேன்.

"படகுக்குள்ள."

"எந்தப் படகு?"

"நீங்க மேல குந்திகினு துன்னீங்களே, அது. ஏப்பம் விட்டீங்க. உள்ள நல்லா கேட்டுச்சு."

குப்பமே சிரித்தது. நான் என் பங்கு மீனை ஓலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். சீஃப் விசிட் புக்கை வாங்கினார். 'குழந்தையை நேரில் கண்டேன். கயிற்றின் எதிர் முனையில், நல்ல ஆரோக்கியத்துடன், ஊருக்கே எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தாள்' என்று எழுதியிருந்தேன். கண்ணாடியைத் துடைக்கவில்லை. மூக்கை மட்டும் சுளித்து, "இன்னாய்யா ஃபைல்ல கவிச்சி வாட அடிக்குது?" என்றார்.

6. கடைசி விசிட்

அதற்குப் பிறகு பேஜாரு வேறு விதமாக வந்தது. நான் போகும் நாளில் ஒன்றுக்குப் பதில் முப்பது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "எல்லாத்தையும் நேர்ல பாத்துக்கோ சார்" என்றார் முனுசாமி. தப்பித்தவறி எவன் பிள்ளைக்காவது போலீஸ் வந்துவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. எல்லோர் கையெழுத்தையும் வாங்கினேன். மைமூனுக்கு ஒதுக்கிய பக்கத்தில் முப்பது பெயர்கள் இருக்கின்றன.

ஆறாவது மாதம் கடைசி விசிட். கோர்ட்டுக்குப் போகும் அறிக்கையில் 'குழந்தை சொல்ல விரும்புவது' என்று ஓர் இடம் உண்டு. வழக்கமாக அதில் 'ஒன்றுமில்லை' என்று எழுதுவோம். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். அன்று என்னவோ கேட்டுவிட்டேன்.

"மைமூன், இதோட ஃபைலு முடியுது. இனிமே உன்னை யாரும் எங்கயும் இட்டுகினு போவ முடியாது. கோர்ட்டுக்கு ஏதாவது சொல்லணுமா?"

"சொல்றேன். எழுதிக்கிறீங்களா?"

பேனாவைத் திறந்தேன்.

"ஆபீசரை நேர்ல பாத்தேன். மொதல்ல ரொம்ப பயந்துகினு இருந்தாரு. இப்ப தேவல."

அப்படியே எழுதினேன். சீஃப் ஒரு சொல்லையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கோர்ட்டில் அதை வாசித்தபோது மாஜிஸ்திரேட் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்தார் என்றும், ஃபைல் அன்றே மூடப்பட்டது என்றும் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவதற்குப் படிவம், பத்தி, கையெழுத்து எல்லாம் இலாகா கொடுத்திருக்கிறது. பிள்ளை உங்களைப் பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதற்கு நேரம் கொடுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஏதாவது வேலை செய்யுங்கள். அவர்களுடைய அறிக்கை உங்களுடையதைவிடச் சுருக்கமாக இருக்கும். கோர்ட்டும் அதைத்தான் நம்பும்.